குளத்தில் இறங்காதவர்

ஆவடிப் பக்கம் நீச்சல் குளம் வைத்த அடுக்ககம் எதுவானாலும், அங்கே ஒரு குளக்கணக்கர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, நோட்டீஸ் போர்டு முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். மெயின்டனன்ஸ் கணக்கில் ‘ஸ்விம்மிங் பூல்’ வரி வந்ததும் விரல் அதற்குமேல் நகராது.

“தம்பி, நான் ஒரு நாளாவது கால் நனைச்சிருக்கேனா? நான் எதுக்குக் காசு தரணும்?”

தம்பி என்பவர் சங்கச் செயலாளர், வயது ஐம்பத்திரண்டு. “ஆள் இறங்கினாலும் இறங்காட்டியும் செலவு அதேதான் சார்” என்று மாதாமாதம் ஒப்பிக்கிறார். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 72,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஆறு லோடு. கோடையில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே 300 லிட்டர் போச்சு. ஃபில்டரை பேக்வாஷ் செய்யும் தண்ணீர் தனி. குளோரின் தனி. பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க ஆசிட் தனி. மோட்டார் தினமும் பல மணி நேரம் ஓட வேண்டும். லிஃப்ட் வைத்த அடுக்ககத்தின் பொது மீட்டரிலோ யூனிட் எட்டு ரூபாய்க்குக் குறையாது.

குளக்கணக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப மோட்டாரை நிறுத்து” என்பார்.

ஒருமுறை நிறுத்தியும் பார்த்தார்கள். மே மாதம். ஒரே வாரத்தில் குளம் கீரை மசியல் ஆனது. மருந்தைக் கொட்டி, படிகாரம் போட்டு, அடியில் படிந்ததை உறிஞ்சியெடுத்து முடித்தபோது, மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு செலவு. “ஆரம்பத்திலேயே யோசிச்சிருக்கணும்” என்று முதலில் கண்டித்தவரும் அவர்தான்.

சட்டத்திலும் புலி. மாத மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை வாட்ச்மேனுக்குக்கூட விளக்கியிருக்கிறார். இங்கே மெயின்டனன்ஸ் மூவாயிரம்தான். பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் பங்கிலிருந்து தப்ப முடியாது என மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. செயலாளர் அதை எடுத்துக்காட்டியபோது வந்த பதில்: “அது பம்பாய்க்காரனுக்கு. நாம இருக்கிறது ஆவடி.”

ஆனால் தரைத்தளத்துக்காரர் எழுந்து, “அப்படின்னா நான் லிஃப்ட் காசு தரமாட்டேன்” என்றதும், “பொதுச் சொத்துன்னா எல்லாரும்தான் கொடுக்கணும்!” என்று கூட்டமே அதிர முழங்கியவர் நம்மவர். வீடு நான்காம் மாடி.

மனம் வெறுத்த செயலாளர், “சரி சார், குளத்தை மூடி மண்ணடிச்சுத் தோட்டம் போட்டுடலாம்” என்றார். குளக்கணக்கரின் முகம் வெளிறிவிட்டது. “பைத்தியமா உனக்கு? ரீசேல் வேல்யூ என்னத்துக்கு ஆகும்? எனக்கு பூல் வியூ ஃபிளாட்னு சொல்லித்தானேப்பா வித்தான்!”

ஆக, குளத்தை நாள் முழுக்க அனுபவிப்பவர் அவர்தான். பால்கனியில் காபி குடிப்பது அதைப் பார்த்து. உறவினர் வந்தால் முதலில் காட்டுவது அதை. கோடை விடுமுறைக்கு ஐந்து பேரப்பிள்ளைகள் வந்து இரண்டு மாதம் அதிலேயே கிடக்கும், “குழந்தைங்கதானே, கணக்குல வருமா?” நீந்துகிறவராவது அரை மணியில் கரையேறிவிடுவார். இவர் ஏறுவதே இல்லை.

வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பில்டர் குளத்தைக் காட்டும்போது பம்ப் ரூமையும் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு வருடத்துக் கரண்ட் பில்லையும் கேளுங்கள். குளத்தின் விலை பத்திரத்தோடு ஒருமுறை முடிந்துவிடும். குளத்தின் செலவு, அடுத்தவருக்கு வீட்டை விற்கிறவரை மாதாமாதம் வரும்.