ஊளைக்கு உரிமை, முழங்காலுக்கு உபதேசம்

2021-இல் நடந்த யூரோ கோப்பையில் இனவெறியைக் கண்டித்து ஆட்டத்துக்கு முன் மண்டியிட்டார்கள் இங்கிலாந்து வீரர்கள். வெறும் சைகை அரசியல் என்றார் பிரிட்டனின் அப்போதைய உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல். மண்டியிடுவதைப் பார்த்து ஊளையிடும் ரசிகர்கள்? அது அவரவர் விருப்பமாம். பிரதமர் அலுவலகமும் முதலில் மென்று முழுங்கியது. பிறகு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன், சட்டை, டை மேலேயே அணியின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வலம் வந்தார். ஜெர்சி பிடித்தது, முழங்கால்தான் உறுத்தல்.

ஜூலை 11, இறுதிப்போட்டி. பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் கறுப்பின வீரர்கள். இணையத்தில் வசவு கொட்டியது. படேலுக்கு அருவருப்பு வந்துவிட்டது!

தீயை மூட்டிவிட்டு இப்போது அருவருப்பா என்று ட்விட்டரிலேயே கேட்டார் சக வீரர் டைரோன் மிங்ஸ்.

கொள்கைக் குன்று என்றால் அப்போதைய ஆளுங்கட்சி எம்.பி. லீ ஆண்டர்சன்தான். மண்டியிட்டால் மேட்சே பார்க்க மாட்டேன் என்று முன்பே அறிவித்துவிட்டார்.