செக்கு மாடும் ஹீலியம் குளியலும்

1929. பெர்க்கிலி நூலகத்தில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் ஒரு ஜெர்மன் ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மன் சரியாக வராது. ஆகவே நாமெல்லாம் செய்வதையே செய்தார்: படம் பார்த்தார். துகளை நேர்க்கோட்டில் விரட்டும், வீடரோ என்பவரின் கருவி அது. 'எதற்கு இவ்வளவு நீளம்? செக்கு மாடு மாதிரி சுற்ற விட்டால் ஆகாதா?' என்று தோன்றியது. பிறந்தது சைக்ளோட்ரான். காந்தம் மூக்கணாங்கயிறு, மின்புலம் தார்க்குச்சி. அரைச் சுற்றுக்கு ஒரு குத்து.

1931-இல் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டன் ஓடவிட்ட கருவியின் விட்டம் 4.5 அங்குலம்தான், உள்ளங்கையில் அடங்கும், ஓட்டைகளை அரக்கு அடைக்கும். துகளுக்குக் கிடைத்தது 80,000 எலெக்ட்ரான் வோல்ட். லாரன்ஸ் ருசி கண்டுவிட்டார். 11 அங்குலம், 27, 37, 60 என்று போய் 184-இல் வந்து நின்றது. அந்தக் காந்தம் மட்டும் ஏறத்தாழ 4,000 டன். நடுவே 1939-இல் நோபல் பரிசு வேறு. இனி யார் சொல்லி அடங்குவார்?

ஆனால் இரும்புக்கும் வயிறு என்று ஒன்று உண்டு. காந்தப்புலம் 2 டெஸ்லா வாக்கில் வந்ததும் இலையை மூடிவிடும். அதற்கு மேல் செப்புச் சுருளில் மின்சாரத்தைத் திணித்தால், காந்தப்புலத்தைவிடச் சூடும் கரண்டு பில்லும்தான் சுறுசுறுப்பாக ஏறும்.

மருந்து 1911-லேயே தயார். காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்தபோது மின்தடை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தது. இதுதான் மீக்கடத்தல்; தடை இல்லையென்றால் சூடும் இல்லை. 'சுருளைத் திரவ ஹீலியத்தில் குளிப்பாட்டினால் என்ன?' என்று 1970களில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகம் திட்டம் போட்டது. அவர்கள் அடுப்பு மூட்டுவதற்குள், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஹென்றி பிளாசரின் குழு 1982-இல் பந்தியே போட்டுவிட்டது. சாக் ரிவர் இலை போட 1985 ஆயிற்று.

பிளாசரின் அந்தக் கருவி கே500, உலகின் முதல் மீக்கடத்திச் சைக்ளோட்ரான். நயோபியம்-டைட்டானியம் கம்பி, மைனஸ் 269 டிகிரி குளியல், 5 டெஸ்லா வரை புலம். புலம் வலுத்தால் சுற்று சுருங்கும்; ஆகவே எடை சுமார் 100 டன்தான். பிளாசர் அதோடு விடவில்லை. டெட்ராய்ட் மருத்துவமனைக்காக, புற்றுநோயாளி படுத்திருக்க அவரையே சுற்றிவரும் சைக்ளோட்ரானையும் செய்தார். மாட்டைச் சுற்றிச் செக்கு!

இப்படி இளைக்கக் கற்றுக்கொண்ட கருவி இளைத்தே இருந்ததா? 2006-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் ஓடவிட்ட மீக்கடத்திச் சைக்ளோட்ரானின் எடை 8,300 டன். லாரன்ஸ் இருந்திருந்தால் தட்டிப் பார்த்துவிட்டு, 'அடுத்தது எத்தனை அங்குலம்?' என்றுதான் கேட்டிருப்பார்.