சுகர் மெஷினைக் கேளுங்கள்

கேள்வி: மாம்பழம் நறுக்கிப் பேரனுக்குக் கொடுத்தேன். நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. குத்திப் பார்த்தால் 260! வாசனைக்கே சுகர் ஏறுமா?
– வாசகி, சேலம்

பதில்: ஏறாதம்மா. சர்க்கரை ரத்தத்தில் இல்லை, விரல்நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இன்றைய ஸ்ட்ரிப் பலவும் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அத்தனை சிறிய துளிக்குக் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கே போதும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தாலும் போகாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈரத்தையும் ஒற்றி எடுங்கள், தண்ணீர் கலந்தால் எண் இறங்கிவிடும். அந்த 260-ஐ நம்பி இன்சுலினைக் கூட்டிப் போடாமல் எனக்கு எழுதினீர்களே, அதுதான் பெரிய நிம்மதி.

கேள்வி: ஐந்தே நொடியில் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?
– வாசகர், விருதுநகர்

பதில்: கண்டுபிடிப்பது மெஷின் அல்ல, நீங்கள் குப்பையில் போடும் ஸ்ட்ரிப். அதன் நுனியில் ஒரு நொதி உலர்ந்த நிலையில் காத்திருக்கிறது. பல ஸ்ட்ரிப்களில் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். வெங்காயத் தோலில் கறுப்பாகப் படருமே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை, அதிலிருந்து எடுப்பது. ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் மிதந்தாலும் இந்த நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும். கூடவே தடவியிருக்கும் இன்னொரு ரசாயனம் அவற்றைச் சுமந்துபோய் மின்முனையில் இறக்கும். சர்க்கரை கூடினால் மின்னோட்டம் கூடும். மெஷின் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றிச் சொல்கிறது, அவ்வளவே.

இதற்கு வித்திட்டவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க். 1962-இல் சாம்ப் லயன்ஸுடன் சேர்ந்து, தான் முன்பே செய்திருந்த ஆக்ஸிஜன் மின்முனையின் மேல் இந்த நொதியை வைக்கும் யோசனையைச் சொன்னார். நொதி வேலை செய்யும்போது எவ்வளவு ஆக்ஸிஜன் குறைகிறது என்று பார்ப்பது அவர் வழி. ரத்தத்தில் ஆக்ஸிஜனே ஏறி இறங்குமே, அப்போது கணக்கு? 1984-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஆக்ஸிஜனின் இடத்தில் ஃபெரோசீன் சேர்மத்தைச் சுமைதூக்க வைத்தார்கள். 1987-இல் பேனா வடிவ மீட்டர் கடைக்கு வந்தது. ஆய்வகத்தில் இருந்த ஒரு மேஜைக் கருவியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த வேலை இது. எனக்கு இதைவிடப் பெரிய மருத்துவ அதிசயங்கள் குறைவு.

கேள்வி: ஒரே ஸ்ட்ரிப்பை இரண்டு தடவை பயன்படுத்தலாமா? விலை கட்டுப்படியாகவில்லை.
– வாசகர், தேனி

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் முடியாது. முதல் துளியிலேயே ரசாயனம் கரைந்துவிடும். மீதியுள்ள ஸ்ட்ரிப்களை வீணாக்காமல் இருக்க ஒன்றை எடுத்த உடனே டப்பாவை மூடுங்கள். காற்றின் ஈரம் நொதியைக் கெடுக்கும். ஃபிரிட்ஜும் வேண்டாம்.

கேள்வி: லேபில் 130, வீட்டில் 118. யார் பொய் சொல்வது?
– வாசகி, கோவை

பதில்: யாருமில்லை. 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரவிதிப்படி, 100-க்கு மேல் போனால் நூறில் 95 அளவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். 130-க்கு அது சுமார் 111 முதல் 149 வரை. ஆனால் ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மீட்டர்கள் அப்போது நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்று வழி டயாலிசிஸ். எந்த மீட்டரும் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இதை மட்டும் அவசரமாகப் படியுங்கள். சில டயாலிசிஸ் திரவங்களில் ஐகோடெக்ஸ்ட்ரின் இருக்கும்; உடலில் அது மால்டோஸாக மாறும். ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ. என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். சுகர் தாழ்ந்து கிடக்கும்போது மெஷின் உயர்வாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இப்படி 13 மரணங்கள் தனக்குத் தெரிவிக்கப்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009-இல் எச்சரித்தது. அப்பாவின் திரவப் பையையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் இன்றே டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.