கவுத்துப் போட்ட ஏரி

வாய்க்கால்ல கலர் கலரா ஏதோ மினுங்குதுன்னு பெட்ரோல் பங்குக்கு இடம் பார்க்குறியாமே மாப்ள! ஒரு குச்சிய விட்டுக் கலக்கிப் பாரு. வில்லை வில்லையா ஒடைஞ்சா, அது இரும்புச் சத்துல வளர்ற நுண்ணுயிர் விட்ட ஏடு. ஒடைஞ்சது மறுபடி ஒண்ணு சேர்ந்தா எண்ணெய்தான். அதுவும் உன் டிராக்டர் ஒழுக்கினது.

நம்ம உத்திரமேரூருக்கு அடியில கெடக்குறது சார்னோகைட்டும் நைஸும். 200 கோடி வருஷத்துக்கு மேல கெட்டிப்பட்ட கல்லு. ஜல்லிக்கு ஆவும், எண்ணெய்க்கு ஆவாது. எண்ணெய் வேணும்னா காவிரிப் படுகைக்குப் போவணும். 15 கோடி வருஷம் போல முன்ன கோண்டுவானா கண்டம் உடைஞ்சப்போ அங்க தரை பிளந்து, கும்பகோணம்-மாதானம் மேடு, நாகப்பட்டினம் பள்ளம்னு ஏறியும் இறங்கியும் போச்சு. பள்ளத்துல சேறு படிஞ்சு, அதுல செத்த பாசியெல்லாம் புதைஞ்சு, 2, 3 கிலோமீட்டர் ஆழத்துச் சூட்டுல வெந்துதான் எண்ணெய் ஆச்சு.

ஆனது அங்கயே இருக்குமா? தண்ணியவிட லேசாச்சே, மணற்பாறைத் துளை வழியா மேல ஏறிக்கினே இருக்கும். மறிக்க ஆளில்லேன்னா தரைக்கு வந்து வீணாப் போவும். நம்ம ஏரியக் கவுத்துப் போட்டுப் பாரு, புரியும். மேல மூடிப் படுத்திருக்கிற களிப்பாறைதான் ஏரித்தரை. பிளவுல பாறை நழுவி, மணற்பாறைக்கு எதிர்ல களிப்பாறை வந்து நின்னா அதுதான் கரை. உச்சியில காஸ், நடுவுல எண்ணெய், அடியில தண்ணி. கொள்ளளவு மீறினா கீழ்விளிம்புல கலங்கல் ஓடும். அதே பிளவு இறுக்கமா அடைபடலேன்னா உடைஞ்ச மதகுதான், சேர்ந்ததெல்லாம் ஒழுகிடும்.

மறிச்ச இடத்தைக் கண்டுபிடிக்கிறதும் லேசில்ல. 1964ல காரைக்கால்ல ஆழ்கிணறு போட்ட ஓ.என்.ஜி.சி.க்கு நரிமணத்துல எண்ணெய் சிக்கினது 1980கள்ல. நீ என்னடான்னா வாய்க்காலப் பார்த்த அன்னிக்கே பங்குக்குப் பேர் வெச்சுட்ட!

எண்ணெய் பொறந்துச்சான்றது பாதிக் கேள்விதான் மாப்ள. பிடிச்சு வெச்சது எது, ஒழுகவிட்டது எதுன்றதுதான் மீதி. 1,100 வருஷத்துக்கு முன்ன பராந்தக சோழன் காலத்துலயே நம்மூர்ல ஏரி வாரியம் இருந்துச்சு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு நிக்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாதுன்னு கல்வெட்டே சொல்லுது. அதனால இடம் பார்க்குறதுக்கு முன்ன, போன மாச சம்பளம் எந்த மதகுல ஒழுகுச்சுன்னு கணக்கக் காட்டிடு. கல்வெட்டு சொல்ற சொந்தக்காரப் பட்டியல்ல தாய்மாமனும் இருக்கான்டா. உன்னால நான் வார்டு மெம்பருக்கு நிக்க முடியாமப் போயிடப் போவுது!