ரெண்டாவது கோலி எதுக்கு மாப்பிளே?

ஏன் மாப்பிளே, கொழிஞ்சாம்பாறையில பசங்கெல்லாம் கூடி நடுராத்திரி வரைக்கும் கிளப் மீட்டிங் போட்டீங்களாமா? செவன்ஸ் ஃபுட்பால் சீசனுக்குக் கொஞ்சம் காசு மிச்சமிருக்குது, அதுல இன்னொரு ஆப்பிரிக்கா ஸ்ட்ரைக்கரை எறக்கறதா, ரெண்டாவதா ஒரு கோல்கீப்பரைச் சேர்க்கறதான்னு சண்டையாமா. எங்கிட்ட யாரும் கேக்குல. கேக்காத எடத்துலதான் எனக்கு வாய் நீளம். கேட்டுக்க.

கோலியை வாங்காதே. எதுக்கு வாங்கோணும்? உங்க கோலிக்குக் காய்ச்சல் வராது, கல்யாணம் வராது, துபாய் விசாவும் வராது. அறுத்த வயக்காட்டுக் கட்டாந்தரையில பொத்துப்பொத்துன்னு உளுந்தாலும் தோள்பட்டை நழுவாது. நீ ஸ்ட்ரைக்கரையே வாங்கு. அவன் நாலு கோல் போடட்டும், உங்க கம்பத்துல அஞ்சு கோல் உளுகட்டும். டிக்கெட் வாங்குனவனுக்கு ஒம்பது கோல் பார்த்த புண்ணியம்.

கேரளா பிளாஸ்டர்ஸ்காரங்களுக்கு உங்களாட்டம் வெவரம் பத்தாது. 2020ல பெங்களூருல இருந்து பிரப்சுகன் கில்லுன்னு ஒரு பஞ்சாபிப் பையனைக் கூட்டிவந்து, சும்மா பெஞ்சுல குந்தவெச்சிருந்தாங்க. அடுத்த வருசம் டிசம்பர்ல ஒடிசாவோட ஆட்டம். கம்பத்துல நின்ன ஆல்பினோ கோம்ஸுக்கு அடிபட்டுப் போச்சு. பையன் எறங்குனான். எறங்குனவன் அந்த சீசன் முச்சூடும் எடத்தை உடவே இல்ல. ஐ.எஸ்.எல்.ல அந்த வருசத்துச் சிறந்த கோலிக்கான தங்கக் கையுறை அவனுக்குத்தான். டீம் பைனல் வரைக்கும் போச்சு. 2022 மார்ச்சுல ஃபதோர்தாவுல ஹைதராபாத்கிட்ட பெனால்டியில தோத்தாங்க, அது வேற கதை. அங்கே எதிர்க்கம்பத்துல நின்ன கட்டிமணி மூணு பெனால்டியைத் தடுத்துப் போட்டான். கோலிக்கு என்ன வெலைன்னு அன்னிக்கு மஞ்சச் சட்டை போட்டு அழுத உனக்குத் தெரியாதா? 2023ல ஈஸ்ட் பெங்கால்காரங்க காசு குடுத்து கில்லைக் கூட்டிட்டுப் போனாங்க. பெஞ்சுல குந்துனவன் வெலை போனதையும் நோட்டுல எழுதிக்க.

அமெரிக்காக்காரனும் ஒரு ஃபுட்பால் ஆடறான், பந்தைக் கையில எறியற ஆட்டம். எறியறவனுக்கு குவார்ட்டர்பேக்னு பேரு. சான் பிரான்சிஸ்கோ டீம்ல 2022ல மொத ஆளுக்குக் கணுக்கால் போச்சு. ரெண்டாவது ஆளுக்கு டிசம்பர்ல பாதம் போச்சு. புது ஆளுங்களைப் பொறுக்கற அந்த வருச டிராஃப்ட்ல கடைசியா, 262ஆவதா எடுத்த பிராக் பர்டிதான் மிச்சம். கடைசிப் பந்தி ஆளு செயிச்சுச் செயிச்சு சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே கொண்டாந்து நிறுத்திட்டான். அங்கே அவன் முழங்கையும் போச்சு. நாலாவதா வந்தவனுக்கு மண்டையில அடி. கடைசியில எறிய முடியாத கையோட பர்டியே திரும்பி வந்து நின்னான். 31-7ன்னு தோல்வி. அடுத்த சீசன்ல அவசரத்துக்கு மூணாவது குவார்ட்டர்பேக்கை வெச்சுக்கலாம்னு லீக்கே விதியைத் திருத்திப் போட்டுது. அத்தனை கோடி டாலர் புழங்கற எடத்துலயே அடிபட்ட பொறகுதான் புத்தி வருது. நீ வெறும் நன்கொடை ரசீதுப் புஸ்தகம் வெச்சிருக்கிற கிளப்பு, உனக்கென்ன அவசரம்?

"மாமா, மஞ்சேரியில நம்ம கேரளா டீம் ஜெசின் பெஞ்சுல இருந்து வந்துதானே கலக்குனான், அவன் ஸ்ட்ரைக்கராச்சே"ன்னு கேப்பே. நெசந்தான். 2022 சந்தோஷ் டிராபி அரையிறுதியில மொதப் பாதியிலேயே எறங்கி ஒத்தையா அஞ்சு கோல் போட்டான். கர்நாடகாவை 7-3ன்னு அனுப்பினாங்க. ஆனா முன்னால ஒருத்தன் சொதப்புனா பக்கத்துல நிக்கறவன் சமாளிப்பான். கம்பத்துக்கு நடுவுல ஒருத்தன்தாண்டா.

அதுக்காகக் கையில கிளவுஸ் போட்ட எவனையாச்சும் புடிச்சுட்டு வந்துறாதே. நம்ம சித்தூர்ப் பக்கம் தென்னைக்குக் கள்ளு எறக்கறவன் படுத்துட்டான்னா, தேங்கா பறிக்கறவனை ஏத்தி உட முடியுமா? மரம் ஏறுவான், பாளை தட்டற பக்குவம் தெரியாது. ரெண்டே நாள்ல பாளை கெட்டுரும். கூடவே ஏறிக் கை பழகுனவன் வேணும். சின்னப் பையனாப் பாரு. மொத கோலிக்கு ஒடம்பு நல்லா இருக்கையிலயே சேரு. தினமும் பந்து புடிக்க வை, சின்ன ஆட்டத்துல எறக்கி உடு. தண்ணி பாட்டில் தூக்க மட்டும் வெச்சிருந்தீன்னா, பைனல் அன்னிக்கும் தண்ணி பாட்டிலைத்தான் ஒழுங்காப் புடிப்பான்.

இதை மூணாறு சம்மந்திகிட்டயும் சொன்னேன். ஃபின்லே ஷீல்டு ஃபுட்பாலுக்கு எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மல்லுக்கட்டற ஊரு அது. "ரெண்டாவது ஆளு வந்தா மொத கோலி கோவிச்சுக்குவானே"ன்னு அவர் கேட்டார். கோவிச்சுக்கட்டும்னேன். ரெண்டாவது கோலி வர்றான்னு நீயும் ஊரறியவே சொல்லு மாப்பிளே. மறுநாள்ல இருந்து உங்க பழைய கோலி பிராக்டீசுக்கு உனக்கு முன்னாடி வந்து நிப்பான் பாரு. புதுப் பையன் ஒரு ஆட்டமும் ஆடாமப் போனாலும், அவனுக்குக் குடுத்த காசு அதுலயே வசூல்.