அரையடி விட்டு வெட்டு

வாடா பேராண்டி. அருவா புதுசு போல, பிடியில விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கல. காலேஜ் பயலுக எல்லாம் சேந்து கண்மாய்க்குள்ள சீமைக்கருவை வெட்டப் போறீகளாக்கும். நல்லது. கெழவன் சொல்றதக் கேட்டுக்க. தரையில இருந்து அரையடி விட்டு வெட்டு. ரொம்பக் குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கும். வெட்டிட்டு வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கங்க. அடுத்த ஆடிக்கு வந்து பாரு, ஒத்தக் கம்பு நின்ன எடத்துல ஏழெட்டு நிக்கும். திரும்ப வெட்டலாம், திரும்ப போட்டோ எடுக்கலாம். 2017-ல மதுரை ஐகோர்ட்டே வெட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. என்ன செய்ய, கருவைக்குப் படிக்கத் தெரியாதே!

இந்த மரந்தான் மழையத் தடுக்குதுங்கிற. வாட்சப்புல வந்துச்சா? அப்பிடின்னா மொதல்ல மெட்ராசுல நட்டிருக்கணுமேடா, ஐப்பசி கார்த்திகையில தெருவுல படகு விடுற பாடு இருக்காதுல்ல. நம்ம கண்மாய் மண்ணடிச்சுக் கெடக்கு. வரத்துக்கால மறிச்சுக் கட்டடம் நிக்குது. அதுல ஒண்ணு நம்ம மாட்டுக்கொட்டம், அத விடு. எல்லாத்துக்கும் கருவைதான் காரணம்னு சொல்லிட்டா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.

அது தானா நடந்து வரலடா. அமெரிக்காப் பக்கத்துச் சரக்கு. 1877 வாக்குல வெள்ளைக்காரன் கொண்டாந்தான். சுதந்திரத்துக்குப் பெறகு நம்மாளுகளே வேலிக்கும் வெறகுக்கும்னு வெதையத் தூவுனாக. அதுக்கு முந்தி வேலி காத்தது சப்பாத்திக்கள்ளி. அதுவும் சீமையில இருந்து வந்ததுதான். அது காடுகரையெல்லாம் அடைச்சுக்கிட்டப்ப, 1926-ல ஒரு பூச்சிய எறக்கி விட்டாக. கள்ளி மேல பஞ்சாட்டம் வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும், நசுக்குனா வெரலு குங்குமமாச் செவக்கும். கொஞ்ச வருசத்துல கள்ளி கூட்டங்கூட்டமா அழுகிச் சாஞ்சிருச்சு. கருவைக்கு அப்பிடி ஒரு எமன் இங்க வாய்க்கல. வாய்ச்சது ஆடும் மாடும். நெத்தை ருசிச்சுத் திங்கும், எலையத் தொடாது. நேத்து கொட்டத்தோரம் காஞ்ச சாணி ஒண்ணக் காலால பெரட்டுனேன். அடியில மூணு கருவைக்கன்னு, ரெண்டு ரெண்டு எலையோட. எருவும் போட்டு, ஊரு ஊராச் சொமந்துட்டுப் போயி நட்டு வைக்க நம்ம மாட்டை விட்டா ஆளு யாரு?

போன லீவுல நீதான சொன்ன, கரியமில வாயு அந்தக் காலத்துல காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கா இருந்தது, இப்ப 420-ஐத் தாண்டிருச்சுன்னு. அதனால செடியெல்லாம் எலைத்துளைய ரொம்பத் தெறக்காமலே சோறு பொங்கிக்கிருமாம், உள்ள இருக்குற தண்ணி மிச்சமாம். ஆனா வறக்காட்டுப் புல்லுக்கு அந்த லாபம் கம்மி, புதருக்குத்தான் கூடன்னும் சொன்ன. புல்லு காயுது, முள்ளு கொழுக்குது. இதக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேணுமாடா? நம்ம ஊருப் பஞ்சாயத்துல ஒருநா ஒக்காந்து பாத்தாப் போதுமே.

ஒங்கப்பன் திருப்பூருக்குப் பஸ் ஏறுன வருசம் தெக்குச் செய்யி தரிசாச்சு. மொத வருசம் கோரை. ரெண்டாம் வருசம் ஆவாரை நாலு மஞ்சப் பூ பூத்துச்சு, பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆச்சு. மூணாம் வருசம் கருவை பட்டா வாங்குன மாதிரி ஒக்காந்துக்கிருச்சு. உப்பு மண்ணு, தண்ணியில்ல, ஆளுமில்ல. வேற எவன் வருவான் அங்க? நான் ஏழு வருசம் சும்மா விட்டேன். பெறகு வெட்டி, அடுக்கி, மண்ணப் பூசி மூட்டம் போட்டேன். அந்தக் கரி வித்த காசுதான்டா ஒன் மொத வருசப் பீசு.

சரி, வெயிலு ஏறுறதுக்குள்ள கெளம்பு. கொட்டத்து மூலையில கடப்பாரை சாத்தியிருக்கு. அத மட்டும் எடுத்துட்டுப் போயிராத, தூரு வெளிய வந்துரும்.