நீங்க யாரு?

'நான் சாதியே பாக்குறதில்ல சார்' என்று ஒருவர் ஆரம்பித்தால், பத்து நிமிடத்தில் நம் கொள்ளுத்தாத்தா வரை போய்விடுவார் என்று அர்த்தம். எங்கள் தெரு சார் அந்த ரகம். செங்கம் ரோட்டை ஒட்டி சொந்த வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன், சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம், மாதம் பிறந்தால் பென்ஷன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

'நான் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்ன ரமணர் வாழ்ந்த ஊர் இது. அந்தக் கேள்வியைத் தேடி உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து இறங்குகிறார்கள். சார் அதில் ஒரே ஒரு திருத்தம்தான் செய்திருக்கிறார்: 'நீங்க யாரு?'

அவர் பாடும் லேசானதில்லை. மற்ற மாநிலங்களில் பெயரின் வாலைப் பார்த்தாலே விஷயம் முடிந்தது. இங்கேயோ 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஊரே வாலை நறுக்கிக்கொண்டது. அன்றிலிருந்து சார் மாதிரி ஆட்களுக்குத் துப்பறியும் வேலை.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில், ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் கூட்டிப்போனார். மொத்தம் 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். இந்திர லிங்கத்தில் "சொந்த ஊரு எது?" என்றார். திண்டிவனம் பக்கம் என்றேன். அக்னி லிங்கத்தில் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டே "பக்கம்னா?" என்றார். கிராமத்தின் பெயரைச் சொன்னேன். எம லிங்கம் வருவதற்குள் "கோயிலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்று தெருவுக்கே வந்துவிட்டார். நிருதி லிங்கத்தில் குலதெய்வம். வருண லிங்கத்தில், "கவிச்சி உண்டா?"

நான் பிடிகொடுக்கவில்லை. "நல்லா நடக்கறீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை உடனே எழவில்லை. இடது தோளிலிருந்து குறுக்கே, சட்டைக்கு மேலாக, இரண்டு விரல் மெதுவாக இறங்கியது. நூல் ஏதும் தட்டுப்படவில்லை என்றதும் கை எடுத்துக்கொண்டது. "உங்க ஊர்ல எனக்கு ஒரு சிநேகிதர்" என்று ஒரு பெயரைப் பட்டத்தோடு சேர்த்துச் சொல்லி, "உங்களுக்குச் சொந்தமா?" என்று என் முகத்தைப் பார்த்தார். வாயு லிங்கத்தில் கால்வலி தாங்காமல் நானே சொல்லிவிட்டேன். சார் முகத்தில் இன்னொரு பௌர்ணமி. "அப்படிச் சொல்லுங்க!" என்றவர், மிச்ச வழியெல்லாம் வானத்தைப் பார்த்தபடி நிம்மதியாக நடந்தார். ஊருக்குள் திரும்பியதும் அவர் வீட்டில் எனக்கு டவரா செட்டில் காபி வந்தது. நல்ல காபி. குடித்தேன்.

இப்போது சார் இனவெறியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். நிஜமாகத்தான். பையன் சியாட்டிலில் இருக்கிறான். அங்கே கடையில் ஒருவன் அவனிடம் எந்த ஊர் என்று கேட்டானாம். இவன் சியாட்டில் என்றானாம். "அதோட விடலாம்ல சார்? 'அது சரி, நிஜமா எந்த ஊரு?'ன்னு மறுபடியும் கேக்குறான்! என்ன திமிர் பாருங்க. கேள்வியிலேயே இனவெறி!" சாரின் குரல் நடுங்கியது. பையனின் யோசனைப்படி நீள நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'நமக்குள் இருக்கும் பாரபட்சம்' என்று தலைப்பெழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது, 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்தியது என்று குறிப்புகள் இருக்கின்றன. கையெழுத்து அழகு.

2023 பிப்ரவரியில் அதே சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அது நோட்டில் இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் முதல்முறையாகப் போனார்கள், போலீஸ் காவலோடு. கலெக்டரும் கூட இருந்தார். அதையும் காணோம். கேட்டால், "அதெல்லாம் கிராமத்துல சார்" என்கிறார்.

ஆனாலும் மனுஷன் முயற்சி செய்கிறார். போன வாரம் புதிதாக வந்த பூக்காரப் பெண்ணிடம் "எந்த ஊரும்மா?" என்று எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, எச்சிலை விழுங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று முடித்தார். மணி காலை ஆறரை. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தது. அன்று அவர் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

அந்தப் பிரியம் மாடி போர்ஷனுக்கு ஏறமாட்டேன் என்கிறது. வெளிநாட்டு சாமியார் கேட்டால் ஒரு கேள்வி இல்லாமல் சாவி கைமாறும். வெள்ளைத் தோலுக்குக் குலதெய்வம் தேவையில்லை. போன மாதம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பெண் நர்ஸ். அட்வான்ஸைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். நாலாவது கேள்விக்கு அந்தப் பையன் ஒளிக்காமல் பதில் சொன்னான். "அடடா, நம்ம சொந்தக்காரங்க வர்றதா சொல்லியிருக்காங்களே" என்றார் சார். 'வீடு வாடகைக்கு' அட்டை சாயங்காலம் இறங்கி, மறுநாள் காலையில் மறுபடி ஏறியது. இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு கேட்டு வந்தவனை வாசலில் நிற்க வைத்து வம்சம் விசாரிப்பது அயோக்கியத்தனம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நேற்று எங்கள் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த தம்பி, "உங்க தெருவுல ஒரு மாடி காலியா இருக்காமேண்ணே?" என்று கேட்டான். அவன் ஊர் எனக்குத் தெரியும். ஊரில் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அந்த வீடு வேணாம்ப்பா. தண்ணி சரியா வராது" என்றேன்.

எங்கள் தெருவில் போர் போட்டால் எண்பது அடியில் தண்ணீர்.

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "உங்க தெருவுலயுமா தண்ணி வராது?" என்றான்.